ஒளிவிடமும் அடுக்களையும்

2007 இல் வெளிவந்த ஹரி பொட்டர் தொடரின் ஏழாவது நூலில், ஹரி, ரொன், ஹெர்மயனி என்னும் மூன்று இளைஞர் கொடுங்கோலருக்கு அஞ்சி மறைவிடம் மாறி மாறி அலைகின்றனர். முதலிற் புகலளித்தது ஹரிக்கு உரிமையாய் வந்த இலண்டன் வீடு. அவ்வீட்டோடு உடைமையாக வந்தவன் கிரீச்சர் என்னும் அடிமைக் குறளன். கூட்டுவதும் சமைப்பதும் அவனே.

ஒருநாள், தப்பியோடும் ஹெர்மயனியைப் பற்றிக்கொண்டு பகைவனொருவன் வாசல்வரை வந்துவிடுகிறான். மூவரும் காட்டிற்குச் சென்று கூடாரமடிக்கின்றனர். கிரீச்சரோ, அவர்கள் திரும்பும்போது உணவு ஆயத்தமாயிருக்குமென்று காலையில் வாக்களித்திருந்தான். அவனை அழைப்பதுபற்றி அவர்கள் எண்ணாமலில்லை. பகைவனும் கூடவே வந்துவிடலாமென்று விட்டுவிடுகின்றனர். நியாயமான அச்சந்தான். ஆயினும், ஒளிந்திருப்பவனின் உயிரை இலட்சியத்தின் கணக்கில் எழுதும் நாம், அவனுக்குச் சோறிட்டவனின் உயிரை எந்தக் கணக்கில் எழுதுகிறோம்? ஓடுபவனுக்கு மறைவிடம் சிலநாட் தங்கல். அங்கு வாழ்பவனுக்கு அதுவே வீடு. அவன் எங்கே ஓடுவான்?

மகளைப் பணயமாய்ப் பறிகொடுத்த செனோபிலியஸ் லவ்குட், தம் வீட்டிற்கு வந்த மூவரையும் காட்டிக்கொடுக்கிறார். துரோகி என்பது வாசகனுக்கு எளிது.

மூவரையும் மீட்டு உயிர்விட்ட டொபி என்னும் குறளனுக்குக் கடலோரத்தில், மந்திரத்தை ஒதுக்கி, மண்வெட்டி பிடித்துக் குழிதோண்டுகிறான் ஹரி. நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் அவை.

இறுதிப்போரில் கிரீச்சர் ஏனைய குறளர்களுக்குத் தலைமைதாங்கிப் பொருதினான். வெற்றிக்குப்பின் ஹரி நினைப்பதோ தன் படுக்கையையும், கிரீச்சர் அங்கு ஒரு சான்ட்விச் கொண்டுவருவானா என்பதையுமே.