#90ஐ அழுத்தாதீர்கள்

யாராவது கோல் எடுத்து #90 அல்லது #09 அழுத்தச் சொன்னால் அழுத்த வேண்டாம், சிம்மை நகலெடுத்துவிடுவார்கள் என்றோர் எச்சரிக்கை பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருகோணமலையின் பாலையூற்றில் ஒரு குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குள் அது நுழைந்தால், வெளிநாட்டிலிருக்கும் மகன்வரை போய்ச்சேரச் சில நிமிடங்கள் போதும்.

அதன் பூர்வீகம் 1990களின் அமெரிக்கா. அங்கே சில அலுவலகங்களில் வெளியாருடன் பேச முதலில் 9ஐ அழுத்த வேண்டும். தொலைபேசி திருத்துபவர்போல் பேசி 9, 0, # அழுத்த வைத்தால், ஏமாற்றுக்காரர் அந்த அலுவலகத்தின் செலவில் தூரத்து ஊர்களுக்குப் பேசலாம். அவ்வளவுதான் உண்மை. கைபேசிக்கு அது பொருந்தாது. சிம்மின் இரகசியச் சாவி சிப்புக்குள்ளேயே இருப்பது, பட்டனை அழுத்தினால் வெளியே வந்துவிடாது.

அதற்காக இப்படி வருவதையெல்லாம் புரளி என்று தள்ளவும் முடியாது. *401# அழுத்தி, பின்னால் ஓர் இலக்கத்தைச் சேர்க்கச் சொல்லும் மோசடி இந்தியாவில் நிஜமாகவே நடந்தது. அழுத்தியவருக்கு வரும் கோல்கள் மோசடிக்காரருக்குத் திரும்பிவிடும். குரல்வழி வரும் ஓ.ரி.பி.யும் அவருக்கே போகும். அதனால் 2024 ஏப்ரல் 15 முதல் இந்த வகை அழைப்புத் திருப்பலையே நிறுத்திவைக்க அந்நாட்டுத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. பொய்யும் மெய்யும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. விசாரிக்காமல் எதுவும் தெரியாது.

விசாரிக்க நேரமேது என்பார்கள். 2004 சுனாமியைக் கண்ட திருகோணமலைக்கு அந்த வாதத்தின் பலம் தெரியும். கடல் வருகுது என்று ஒருவர் கத்தினால் ஓடத்தான் வேண்டும். பொய்யென்றால் மூச்சிரைத்ததோடு போகும். தொலைபேசி மோசடி அப்படியல்ல. சிம் தந்த நிறுவனத்திடமோ தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ கேட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் பிந்தி அனுப்பலாம்.

கேட்காமல் அனுப்பினால் வீண் பயத்தோடு முடிந்துவிடும் என்பதும் தப்புக்கணக்கு. #90க்குக் காவலிருக்கும் அம்மம்மா, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவருக்கு ஓ.ரி.பி.யை நிதானமாக வாசித்துக் காட்டக்கூடும். அவர்தான் #90 அழுத்தச் சொல்லவில்லையே!

அனுப்பியவர் பெரியப்பா என்றால் இன்னொரு சிக்கல். பிழையென்று தெரிந்த பெறாமகன் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடுகிறார். சபையில் திருத்தக் கூச்சமென்றால் தனியாகக் கோல் எடுத்துச் சொல்லலாம். பேசாமலிருப்பது மரியாதைக் கணக்கில் சேராது. மிச்சம் பெரியப்பாவின் கடமை. சத்தமில்லாமல் அழித்துவிட்டால் போதாது. வாசித்தவர்கள் அதற்குள் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அதே குழுவில், அதே ஆட்களுக்கு, நான் அனுப்பியது பிழை, நீங்கள் அனுப்பியவர்களுக்கும் சொல்லுங்கள் என்று அவரே எழுத வேண்டும்.