கேட்க வேண்டிய கேள்வியும் தெய்வச் செயலும்

ரசாயன ஆலையில் விபத்து நேருமுன்பே அதைக் காகிதத்தில் தேடிப் பிடிக்கும் முறைக்கு ‘ஹேஸாப்’ என்று பெயர். 1963-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் ஒரு பீனால் ஆலையின் வடிவமைப்பைத் துருவி ஆராய்ந்தபோது கருக்கொண்டது, 2001-ல் ஐ.இ.சி. 61882 என்ற எண்ணுடன் சர்வதேசத் தரமாயிற்று. தில்லி ஆர்.கே.புரத்தின் பிகாஜி காமா பிளேஸில், பல எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பொறியியல் வேலை செய்துகொடுத்த என்ஜினியர்ஸ் இந்தியா லிமிடெட்டின் தலைமையகம் இருக்கிறது. அத்தகைய நிறுவனங்களுக்கு ஹேஸாப் வழக்கமான வேலை. அதே ஆர்.கே.புரம் பகுதியில்தான் தில்லித் தமிழர் கூடும் மலை மந்திர் என்ற முருகன் கோயிலும் உள்ளது. இனி நடக்கப்போவதைப் பற்றிய கவலை இரண்டு இடத்துக்கும் பொது. காலையில் முருகனை வேண்டிக்கொண்டு பத்து மணிக்கு ஹேஸாப் கூட்டத்தில் உட்காரும் பொறியாளருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஊழ் எது, கவனக்குறைவு எது என்ற பழைய கேள்வி அந்தக் கூட்டத்தில் வேறொரு உருவில் வந்து நிற்கிறது.

மேசையில் குழாய்களும் கருவிகளும் வரைந்த தாள் விரிக்கப்படும். வடிவமைத்தவர், ஆலையை ஓட்டுபவர், பராமரிப்புக்காரர், கருவிப் பொறியாளர் ஆகியோர் சுற்றி அமர, ஒருவர் தலைமை தாங்குவார். டேங்கிலிருந்து பம்ப் வழியாக ரியாக்டருக்குப் போகும் ஒரு குழாயை எடுத்துக்கொண்டு, முன்பே வகுத்த சில சொற்களை அதன்மேல் வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள்: இல்லை, அதிகம், குறைவு, தலைகீழ், கூடவே வேறொன்று. ஓட்டம் ‘இல்லை’ என்றால் ஏன்? வால்வு மூடியிருக்கலாம், பம்ப் நின்றிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஓட்டம் ‘தலைகீழ்’ என்றால்? பம்ப் நின்றதும் ரியாக்டரின் அழுத்தம் சரக்கை டேங்குக்கே திருப்பித் தள்ளலாம். தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வு உண்டா? அது கசிந்தால்? காரணம், விளைவு, இருக்கும் பாதுகாப்பு, செய்ய வேண்டியது எல்லாம் பதிவான பிறகே அந்தக் குழாய்மேல் வண்ணப் பேனா ஓடும்.

இந்திய மெய்யியலுக்கு இந்த நடை புதிதல்ல. உண்மைக்கு மாறானதை ஒரு கணம் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து விளையும் கேட்டைக் காட்டுவதையே நியாயவாதிகள் தர்க்கம் என்றார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, அறியும் வழிகளாகிய அளவைகளில் ‘அபாவ’த்தையும் சேர்த்து எண்ணுகிறது, ஒன்று இல்லை என்பதும் அறிவுதான். ஒப்புமை இதற்குமேல் நீளாது. நியாயவாதி தேடியது ஐயமற்ற அறிவை. ஹேஸாப் குழுவுக்கோ ஐயத்தை வளர்ப்பதே வேலை.

அந்த ஐயம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் போபால் விஷவாயு விபத்து கொடிய சான்று. 1984 டிசம்பர் 2 இரவு, ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்த ஈ-610 டேங்கில் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. ‘கூடவே வேறொன்று’ என்ற சொல்லுக்கு அந்தச் சர்ச்சை முடிய வேண்டியதில்லை. தண்ணீர் சேர்ந்தால் என்னாகும் என்பது மட்டுமே அதன் கேள்வி. டேங்கைக் குளிர்விக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ‘இருக்கும் பாதுகாப்பு’ என்ற பத்தியில் எழுதத்தக்கவை இவை. எழுதிய நாளில் இருந்தது தேவைப்படும் இரவில் இருக்குமா என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்காத ஹேஸாப் வெறும் காகிதம்.

அடுத்த ஆண்டு தில்லியில் நடந்தது வேறு ரகம். 1985 டிசம்பர் 4 அன்று ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற புகையும் கந்தக அமிலம் கசிந்தது. டேங்கைத் தாங்கிய கட்டமைப்பு சரிந்ததால் டேங்க் உடைந்தது. குழாய் வரைபடத்தில் டேங்குக்குக் கால்கள் வரையப்படுவதில்லை. ஓட்டம், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றின்மேல் எத்தனை சொல்லைப் போட்டாலும், தாங்கும் தூணிடம் அவை தாமாகப் போய்ச் சேரா. பட்டறையில் அன்றாடம் நடமாடிய யாராவது வாயைத் திறந்தால்தான் உண்டு. வரைபடத்தில் இல்லாததைக் கேட்காமல் விட்டது பிழையா, அறியாமையா? பார்க்கக்கூடிய இடத்தில் இருந்ததை ஊழ் என்று சொல்லிக் கைகழுவுவது கடினம். ஆனால் எல்லாம் பார்த்த பின்னும் ஏதோ ஒன்று மிஞ்சும் என்பதும் மெய்.

அந்த மிச்சம் யார் தலையில் விழும் என்பதற்கு 1986 டிசம்பர் 20 அன்று, அந்தக் கசிவு தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை தந்தது. ஆபத்தானதைத் தன் இடத்தில் வைத்திருப்பவரே அது வெளியேறி விளைக்கும் கேட்டுக்குப் பொறுப்பு என்ற, ஆங்கிலச் சட்டத்தின் ரைலண்ட்ஸ்–ஃபிளெச்சர் வழக்கின் விதிக்குத் ‘தெய்வச் செயல்’ போன்ற விலக்குகள் உண்டு. தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு அவ்விலக்குகள் இல்லை என்றது. உரிய கவனம் எடுத்தோம் என்ற வாதமும் செல்லாது, நிறுவனம் எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு கூட வேண்டும் என்றது. அறிந்ததற்கு மட்டுமே பொறுப்பு என்ற அறநெறிக் கணக்கு இங்கே மாறுகிறது: ஆபத்தை வைத்துப் பிழைப்பவர் அறியாததற்கும் பொறுப்பு. ஓலியத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அதே தீர்ப்பில் இழப்பீடு கிடைத்துவிடவில்லை. அவர்கள் சார்பில் உரிய நீதிமன்றத்தில் வழக்குப் போடும்படி தில்லி சட்ட உதவி வாரியத்துக்கு உத்தரவாயிற்று.