கையெழுத்து ஒருவருடையது, சொல் மற்றொருவருடையது

பட்டயக் கணக்கர் தேர்வில் தேறிய இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களில் பலர் உளர். ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலத்தையும் ஆசிரியப் பணியையும் நம்பியிருந்த இல்லங்கள் அவை. அவ்விளைஞர்களுள் சிலர், நான்கைந்து ஆண்டுகள் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றிய பின்னர் மேலாண்மைக் கல்வி பயில விழைகின்றனர். கையில் நல்ல தொழில் இருக்கையில் மீண்டும் எதற்குப் படிப்பு என்று பெரியவர்கள் வினவுவது இயல்பே. கணக்கர் முடிந்த ஆண்டைப் பார்ப்பவர். நிறுவனத்தை நடத்துபவர் வரும் ஆண்டைப் பார்க்க வேண்டியவர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விரும்புவதைப் பேராசை என்று நான் கருதவில்லை. என் சிந்தையில் நிற்கும் வினா வேறு. அந்த விண்ணப்பத்தில் எழுதப்படும் சொற்கள் யாருடையவை என்பதே அது.

விண்ணப்பிக்கும் முறையை அறியாதாருக்குச் சிறிது விளக்கம் தேவை. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகங்களும், பின்னர் 2011-இல் நம் திருச்சிராப்பள்ளிக்கு வந்த கழகமும், 'கேட்' என்னும் பொது நுழைவுத் தேர்வையே முதல் வாயிலாகக் கொண்டுள்ளன. அத்தேர்வில் மதிப்பெண் பேசும். ஆனால் ஐதராபாத்தில் 2001-இல் தொடங்கிய இந்திய வணிகப் பள்ளியும், வெளிநாட்டுப் பள்ளிகள் பலவும் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. பணி அனுபவத்தைக் கேட்கின்றன. தன்னைப் பற்றிய கட்டுரைகளைக் கேட்கின்றன. மேலதிகாரி ஒருவரின் பரிந்துரையையும் கேட்கின்றன. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

என் தங்கையின் பேத்தி அத்தகைய விண்ணப்பம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். பரிந்துரை வேண்டித் தன் மேலதிகாரியை அணுகியபோது அவர், "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றாராம். அவர் தீயவர் அல்லர். கணக்கு முடிக்கும் காலத்தில் இரவு பத்து மணிவரை அலுவலகத்தில் இருப்பவர். இவளிடம் உண்மையான அன்பும் உடையவர். அவளுடன் பணிபுரிந்த மூவர் முன்னரே அவ்வாறு எழுதிக்கொடுத்துச் சேர்ந்தும் விட்டனர். "இதில் யாருக்கு என்ன தீங்கு, பாட்டி? அவர் படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டுதானே கையெழுத்திடப் போகிறார்?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று இது. அரசு அலுவலகங்களில் எழுத்தர் வரைவு எழுதுகிறார், அதிகாரி ஒப்பமிடுகிறார். அதைப் பொய்யென்று எவரும் சொல்வதில்லை. பின் இதில் மட்டும் என்ன வேறுபாடு? அலுவலகக் கடிதத்தில் பேசுவது அலுவலகம். எழுதிய கை எதுவாயினும் பொருள் மாறுவதில்லை. பரிந்துரைக் கடிதத்தைப் பள்ளி கேட்பதோ, விண்ணப்பிப்பவரின் கண்ணுக்குப் புலப்படாதது மற்றொருவர் கண்ணுக்குப் புலப்படும் என்பதற்காகவே. அந்த இரண்டாவது கண்ணை எடுத்துவிட்டால் கடிதத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. விண்ணப்பிப்பவர் தம் பரிந்துரையைத் தாமே எழுதுதல் கூடாது என்று பல பள்ளிகள் வெளிப்படையாகவே விதித்தும் இருக்கின்றன. நான் அவளிடம் ஒன்றே கேட்டேன்: "ஒரு நிறுவனம் தன் தணிக்கை அறிக்கையைத் தானே எழுதி உன்னிடம் நீட்டினால், படித்துப் பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்திடுவாயா?" அவள் விடை கூறவில்லை.

கணக்குத் தொழிலில் இருப்போர் சத்யம் நிறுவனத்தை மறந்திருக்க மாட்டார்கள். 2009 ஜனவரி 7-ஆம் நாள் அதன் தலைவர் இராமலிங்க ராஜு, ஏட்டில் காட்டிய வங்கி இருப்பில் ஏறத்தாழ 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று எழுதி ஒப்புக்கொண்டார். சிறியதாய்த் தொடங்கிய இடைவெளி ஆண்டுதோறும் வளர்ந்தது என்பது அவருடைய விளக்கம். அவ்வளவு பெரிய தொகை தணிக்கையாளர் கண்ணுக்கு எவ்வாறு தப்பியது? வங்கிகளிடமிருந்து தணிக்கையாளர் தம் பொறுப்பில் நேரே பெற வேண்டிய உறுதிக் கடிதங்களை நிறுவனத்தின் கை வழியே ஏற்றுக்கொண்டனர் என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2011-இல் குறை கூறியது. ஒரு பெண்ணின் பரிந்துரைக் கடிதத்தையும் அந்தப் பெருங்குற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று, வைக்கவுமில்லை. வாயில் ஒன்றே என்பதுதான் என் கருத்து: சாட்சி சொல்ல வேண்டியவருக்குப் பதிலாக, சாட்சி யாருக்காகவோ அவரே பேசுதல்.

நம் முன்னோர் இதற்குப் பெயரே வைத்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று கூடலேககிரியை. கள்ளக் கையெழுத்தும் போலிப் பத்திரமும் மட்டுமே அதில் அடங்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். பூஜ்யபாதரின் உரையோ, பிறர் சொல்லாததை, செய்யாததை, அவர் சொன்னதாகவும் செய்ததாகவும் ஏமாற்றும் நோக்கில் எழுதுவதே அது என்று விளக்குகிறது. கையெழுத்து மெய்யாக இருந்தும் எழுத்து கூடலேகமாகலாம் என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் வேறொரு தடை உண்டு. அதையே நான் வலிமையானதாகக் கருதுகிறேன். எல்லாரும் மிகைப்படுத்தி எழுதும் உலகில், படிப்பவரும் பாதியைக் கழித்தே படிப்பார். அளவாய் எழுதியவரின் சொல்லிலும் அதே பாதி கழியுமே; வாய்மை உடையவர் மட்டும் இழப்பதா? பள்ளி மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் எல்லா மாணவர்க்கும் 'நன்று' என்றே எழுதி எழுதி, அந்த வரியை எவரும் படிக்காமற் போன வரலாறு ஆசிரியர்களுக்குத் தெரியும். (உண்மையிலேயே நல்ல பிள்ளைக்கு எழுத அதனினும் பெரிய சொல் நம்மிடம் எஞ்சியிருக்கவில்லை.) ஆனால் கழிக்கப்படுவது அடைமொழிகளே. "மிகுந்த தலைமைப் பண்பு உடையவர்" என்பதைக் கழிக்கலாம்; "சரக்கிருப்பைச் சரிபார்க்கச் சென்ற இடத்தில் மூன்று கிடங்குகளின் கணக்கு ஒத்துவராததை இவரே கண்டு எழுத்தில் தெரிவித்தார்" என்பதில் எதைக் கழிப்பது? மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் பயில்வோர் முன்னெச்சரிக்கைக் கொள்கையைப் படிக்கின்றனர்: வரக்கூடிய நட்டத்திற்கு ஒதுக்கு வை, கைக்கு வராத இலாபத்தை ஏட்டில் ஏற்றாதே. நிறுவனத்தின் ஏட்டில் இதைக் கண்ணுங்கருத்துமாய்ப் பின்பற்றும் இளைஞர், தம்மைப் பற்றிய கட்டுரையில் இதை நேர்மாறாகத் திருப்பிப் போடுகின்றனர். ஊதியம் உயர வேண்டும் என்பது நோக்கமாயின் அதில் இழிவில்லை. அதைச் சமுதாயத் தொண்டு என்ற போர்வைக்குள் மறைப்பதில்தான் இழிவு.

அவள் இறுதியில் கடிதம் எழுதவில்லை. தான் பணியாற்றிய தணிக்கைகள், அவற்றின் காலம், தன்னால் கண்டறியப்பட்டவை, தன்னால் தவறவிடப்பட்டு மற்றவர் திருத்தியவை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து மேலதிகாரியிடம் கொடுத்தாள். கருத்து அவருடையதாக இருக்கட்டும் என்றும் சொன்னாள். அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவ்வாண்டின் முதல் சுற்றுக்குரிய கடைசி நாள் கடந்துவிட்டது. அவளுக்கு நேர்மேலாளராக இருந்த, பதவியில் சிறியவரான ஒருவர் அடுத்த சுற்றுக்கு எழுதித் தந்தார். இரண்டே பத்தி, அதில் அவளுடைய பொறுமையின்மையைப் பற்றியும் ஒரு வரி உண்டாம். அந்தக் கடிதத்துடன் விண்ணப்பம் சென்றிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.