ஒரே உலை

2020 ஜூலையில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை எங்கள் வீட்டில் நான்தான் இணையத்தில் நிரப்பினேன். கிள்ளானில் இரண்டு அறை அடுக்குமாடி வீடு. அப்பா 80களின் கடைசியில் 25,000 ரிங்கிட்டுக்கு வாங்கியது. மலிவு விலை வீட்டுக்கு 1982இல் அரசாங்கம் வைத்த விலை அது. அப்பா இப்போது இல்லை. அம்மா, நான், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர்.

"எத்தன குடும்பம்னு கேக்குறான், அக்கா?" என்றான் தம்பி.

ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்பவர்கள் ஒரு குடும்பம். கணக்கெடுப்பின் இலக்கணம் அதுதான். எங்களுக்கு ஒரே உலை. ஒன்று என்று போட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அப்ப இன்னொரு ரைஸ் குக்கர் வாங்கினா ரெண்டு குடும்பமா ஆயிடுவமா?"

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் கணக்கு இது. என் சம்பளம் 2,800. தம்பிக்கு 2,300. அவன் மனைவிக்கு 1,700. சேர்த்தால் 6,800 ரிங்கிட். 2019இல் மலேசியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 5,873 ரிங்கிட் என்கிறது புள்ளிவிவரத் துறை. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. நாங்கள் அதைத் தாண்டி நிற்கிறோம். அதாவது, நாட்டின் பாதிக் குடும்பங்களைவிட நாங்கள் வசதியானவர்கள். ராத்திரியில் கூடத்தில் பாய் விரிக்க இடம் தேடும் வசதியானவர்கள்.

இந்த எண் சும்மா ஏட்டில் தூங்குவதில்லை. ஒரு வீடு கட்டுப்படியாகுமா என்பதை அளக்க உலகம் முழுவதும் ஓர் எளிய அளவுகோல் உண்டு: வீட்டின் விலை, குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். கஸானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இதை இங்கே பரவலாக்கியது. 2014இல் மலேசியாவில் அது 4.4 மடங்கு, கோலாலம்பூரில் 5.4 மடங்கு என்று அது காட்டியபோதுதான், வீடு வாங்க முடியாதது நம் சோம்பேறித்தனமல்ல என்று பலருக்கு உறைத்தது. அந்த வகையில் அந்த எண்ணுக்கு நான் நன்றியுள்ளவள்.

ஆனால் அதே அளவுகோலை எங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். 6,800ஐ 36ஆல் பெருக்கினால் 244,800 ரிங்கிட். அந்த விலைக்கு ஒரு வீடு எங்களுக்குக் கட்டுப்படியாகும் என்கிறது கணக்கு. எங்களில் யாருக்கு? தம்பியும் அவன் மனைவியும் தனியாகப் போனால் 144,000. நானும் அம்மாவும் என்றால் 100,800. அந்த விலைக்கு கிள்ளான் பள்ளத்தாக்கில் புது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும் மீதிக் கதை. தம்பி கடன் கேட்டுப் போனபோது ஒரு வங்கி அவனுடைய சம்பளச் சீட்டை மட்டும்தான் பார்த்தது. என் சம்பளத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவன் கேட்கவும் இல்லை. கடன் கேட்கும்போது தனித்தனி ஆட்கள். கணக்கெடுக்கும்போது ஒரே குடும்பம்.

இங்கேதான் ஒரு வட்டம் இருக்கிறது. வீடு கிடைக்காததால் பிள்ளைகள் பெற்றோர் வீட்டிலேயே தங்குகிறார்கள். தங்குவதால் ஒரே வீட்டில் சம்பளங்கள் கூடுகின்றன. கூடுவதால் குடும்ப வருமானம் உயர்கிறது. உயர்ந்த வருமானத்தை வைத்து, இன்ன விலை மக்களுக்குக் கட்டுப்படியாகும் என்று முடிவாகிறது. வீடு இல்லாமையே வீடு வாங்கும் சக்தியாகக் கணக்கில் ஏறுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. படிவத்தில் நானும் பொய் சொல்லவில்லை.

இதே காலத்தில் கட்டி முடித்தும் விற்காமல் கிடக்கும் வீடுகளையும் அரசாங்கம் எண்ணுகிறது. 2018 முடிவில் அப்படி 32,313 வீடுகள். நான் வேலைக்குப் போக கிள்ளானிலிருந்து கொமூட்டரில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்குள் நடக்கிறேன். ரயில்வே தொழிலாளர்களின் குவார்ட்டர்ஸ் வரிசைகள் இருந்த பேட்டை இது. இன்று அண்ணாந்து பார்த்தால் கோபுரக் குடியிருப்புகள். இரவில் பல மாடிகளில் விளக்கு எரிவதில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "புள்ளிவிவரமே ஏமாத்து வேலை, விடு" என்றார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணப்படாமல் இருப்பது இதைவிட மோசம். என் தாத்தா தோட்டத்தில் ஒவ்வொரு விடியலிலும் பெரட்டில் எண்ணப்பட்டார். அங்கே எண்ணியது கைகளை மட்டும். லயத்தில் ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பது யாருடைய ஏட்டுக்கும் தேவைப்படவில்லை. எதற்காக எண்ணுகிறோமோ அதுதான் கண்ணுக்குப் படுகிறது.

இலக்கணத்தை மாற்ற முடியும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் சிறப்புத் தூதர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்தார். 0.4 சதவிகிதம் பேர்தான் ஏழைகள் என்ற அதிகாரபூர்வக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று சொல்லிப் போனார். அரசாங்கம் முதலில் கோபப்பட்டது. அடுத்த ஆண்டே வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208க்கு உயர்ந்தது. 2016இன் கணக்கில் 24,700ஆக இருந்த ஏழைக் குடும்பங்கள், 2019க்குப் புதுக் கோட்டின்படி 405,441. மக்கள் திடீரென்று ஏழையாகவில்லை. அதே புதுக் கோட்டால் அளந்தால் 2016இல் 7.6 சதவிகிதம், 2019இல் 5.6 சதவிகிதம். வறுமை குறைந்துதான் இருந்தது. முன்பு கண்ணுக்குப் படாத குடும்பங்கள் இப்போது பட்டன, அவ்வளவுதான். கோட்டை எங்கே போடுவது என்பதைக் கணித வல்லுநர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. எவ்வளவு கஷ்டத்தை நாம் கஷ்டம் என்று ஒப்புக்கொள்ளத் தயார் என்ற கேள்வி அது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கூட்டுக் குடும்பம் நம் வழக்கம்தானே, சேர்ந்திருப்பதைக் குறையாக ஏன் பார்க்க வேண்டும்? உண்மை. பேரப்பிள்ளைகள் இல்லாத வீட்டில் அம்மாவால் ஒரு நாள் இருக்க முடியாது. ஆனால் பாசத்தால் சேர்ந்திருப்பதும் வழியில்லாமல் சேர்ந்திருப்பதும் கணக்கில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, கேட்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேறொரு குடும்பத்தின் வீட்டுக்குள் வாழும் குடும்பங்களை, மறைந்த குடும்பங்கள் என்று தனியாகவே எண்ணுகிறார்கள். 2011இல் அப்படி 289,000 இருந்தன. அங்கேயும் எல்லோரும் வழியில்லாமல் தங்கியவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் இருப்பது தெரிகிறது. வீட்டுத் திட்டம் போடுபவர் 'நான் பார்க்கவில்லை' என்று சொல்ல முடியாது.

எண்ணைக் கையில் எடுப்பவர்களுக்கு உள்ள கடமை இதுதான் என்று நினைக்கிறேன். சரியாகக் கூட்டுவதோடு அது முடிவதில்லை. கூட்டலுக்குள் யார் காணாமல் போனார்கள் என்று தேடுவதும் அவர்கள் வேலை. "தனி வீடு கிடைத்தால் போவீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்கலாம்.

போன வாரம் அதைத் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா இருக்கிறாரா என்று அடுப்படிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

"பக்கத்து புளோக்குல கெடச்சா நாளைக்கே போயிருவேன், அக்கா," என்றான் மெதுவாக. "சோறு மட்டும் இங்கதான்."