சல்லேகனையும் பிறர் தீர்மானிக்கும் மரணமும்

எடப்பாடியில் எங்கள் தெருவில் தறித்தொழில் செய்யும் அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் ஒரு வினா எழுப்பினார். அவருடைய தந்தையார் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, நினைவிழந்து, செயற்கைச் சுவாசத்தின் துணையால் மருத்துவமனையில் கிடந்தார். “ஐயா, உண்ணா நோன்பிருந்து உயிர் விடுவதை உங்கள் சமயம் போற்றுகிறதே, அப்பாவின் குழாயை எடுத்துவிடச் சொன்னால் அதுவும் அதுபோன்றது தானே?” என்றார். உடனே விடை கூற இயலவில்லை.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றை நம்மவர் அறிவர். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரை அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. அவர் தெளிந்த அறிவுடன் தாமே ஏற்ற விரதம் அது. ஒருவருக்காக மற்றொருவர் சல்லேகனை ஏற்க இயலாது. நீக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப்பிணி ஆகியவற்றில் அதனை அனுமதிக்கும் சமந்தபத்திர ஆசாரியர், விரைவில் இறக்க வேண்டுமென விரும்புவதையும் அதன் அதிசாரங்களுள் ஒன்றாக எண்ணுகிறார். இதனை நாம் எளிதில் மறந்து விடுகிறோம். வலிக்கு அஞ்சிச் சாவைத் தேடுவது சல்லேகனை ஆகாது.

2015 ஆகஸ்டு 10 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இவ்விரதத்தைத் தற்கொலைக்குச் சமமாகக் கருதித் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் ஜைனர்கள் மௌன ஊர்வலம் சென்றனர். அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. மகிழ்ந்தோம். ஆயினும் நம் இல்லத்து மூதாட்டி ஒருவர் உணவை மறுக்கும்போது, அது விரதமா, அல்லது தாம் பிள்ளைகளுக்குச் சுமை என்ற மனவேதனையா என்று எத்தனை பேர் அருகில் அமர்ந்து கேட்டோம்? விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் உண்டு. முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் பருகக் கொடுத்து, சாவை வரவழைப்பர். கருணை என்றுதான் அதற்கும் பெயர் சொல்வர்.

அன்பரின் தந்தையார் நிலையோ வேறு. மீளவியலாத நோயாளிக்குச் செயற்கைச் சிகிச்சையை நிறுத்துவதை 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றம் ஏற்றது. ஊசி போட்டு உயிரைப் போக்குவதை ஏற்கவில்லை. மருத்துவமனையின் இரு மருத்துவக் குழுக்கள் ஆராய வேண்டும். நோயாளி முன்னரே எழுதி வைக்கவில்லையெனில் குடும்பத்தார் இசைவு வேண்டும். சட்டம் இவ்வளவில் நிற்கிறது. கஷாய வயப்பட்ட மனத்துடன் உயிருக்கு ஊறு செய்வதே ஹிம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். ஆகவே நம் மனத்தைச் சோதிக்கும் பொறுப்பு மருத்துவக் குழுவினுடையதன்று. செலவுக்கு அஞ்சியா, காத்திருந்து சலித்தா, சொத்தை எண்ணியா, அல்லது அவ்வுடல் படும் பாட்டைக் கண்டா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் மகனே.

“இதற்கு எங்கள் விரதத்தின் பெயரை இட வேண்டாம். பாவம் என்றும் நான் கூற மாட்டேன். அப்பா என்றேனும் இதுபற்றிப் பேசியதுண்டா என்று அம்மாவைக் கேளுங்கள்” என்றேன்.

மறுநாள் வந்தார். தம் தமையனார் இவ்வாறே மருத்துவமனையில் கிடந்தபோது, “என்னை இப்படி வைத்துவிடாதீர்கள்” என்று தந்தையார் கூறியதைத் தாயார் சொன்னாராம். அம்மையாரை அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை.