தூளியை யார் ஆட்டுவது?

புனேயிலிருந்து மும்பை போகும் வழியில் இருக்கும் தளேகாவில் முதலில் தொழிற்பேட்டை வந்தது. பின்னாலேயே அடுக்குமாடிகள் வந்தன. இப்படி வளரும் ஊர்களில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் தவறாமல் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. சாரக் கம்பில் பழைய புடவையைக் கட்டிய தூளி, அதற்குள் கைக்குழந்தை. பக்கத்து மணல் குவியலில் ஒன்பது, பத்து வயதுப் பெண் ஒருத்தி தூளிக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே ஜல்லிக் கற்களை வைத்து அஞ்சாங்கல் ஆடுவாள். அம்மா மூன்றாவது மாடிக்குச் செங்கல் சுமந்துகொண்டிருப்பாள்.

சித்தாளின் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது யார் கடமை? இந்தக் கேள்வியை நாம் இரக்கத்தோடு கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கணக்கோடு கேட்டுப் பார்க்கலாம். குழந்தை வளர்ப்புக்கான செலவு எந்த வீட்டிலும் மாயமாகிவிடாது. யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். மணல் குவியலில் அதைக் கொடுப்பவள் அக்கா. அவள் கொடுப்பது தன் மூன்றாம் வகுப்பை.

இந்தக் கணக்கு மராத்திய மண்ணுக்குப் புதிதல்ல. தாராபாய் மோடக் 1945இல் கடலோரக் கிராமமான போர்டியில் பாலர் கல்விப் பணியைத் தொடங்கினார். பள்ளிக்கு வராத குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். முற்றம்தான் அங்கணம், அதிலிருந்து அங்கன்வாடி. நாம் சொல்லும் பால்வாடியும் அந்தப் பக்கத்துச் சொல்லே. அதில் இருப்பது குடிக்கும் பால் அல்ல, ‘பாலர்’ என்பதில் வரும் பால். பின்னர் கோஸ்பாட் என்ற ஊரில் அவரும் அனுதாய் வாகும் சேர்ந்து விகாஸ்வாடி என்ற முறையை வகுத்தார்கள். தம்பி தங்கையை இடுப்பில் சுமப்பதால்தான் பெண் குழந்தைகள் படிக்க வருவதில்லை என்று கண்டதும், காப்பகம், பால்வாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒன்றாக இணைத்தார்கள். அக்கா வகுப்பில் இருக்கலாம். தம்பி கண்ணெதிரே இருப்பான்.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடி என்ற பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. ஆனால் பாலர் கல்வி மூன்று முதல் ஆறு வயதுக்குத்தான், அதுவும் சில மணி நேரம்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகும். அம்மாவின் வேலையோ பொழுது சாயும்வரை. தூளியும் அக்காவும் மணலிலேயே இருக்கிறார்கள்.

சட்டங்களிலும் ஒரு கோணல் இருந்தது. காப்பகம் கட்டாயமாவதற்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதலில் 50 பெண்கள் என்றது, பிறகு 30 என்றது. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் ஐம்பதுக்கு மேல் என்றது. எண்ணப்பட்டவர்கள் பெண்கள் மட்டும். அப்பாக்களைக் குழந்தை இல்லாதவர்களாகவே சட்டம் பார்த்தது. ஐம்பதோடு நிறுத்திக்கொள்ளவும் ஒப்பந்தக்காரருக்கு வழி விட்டது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பணியாளர்கள் என்று ஆண், பெண் இருவரையும் எண்ணியது. அறத்தின் பார்வையில் அதுவே சரியான எண்ணிக்கை.

பெற்ற பிள்ளையைப் பெற்றவர்தானே பார்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு. நியாயமான பேச்சுதான். ஆனால் பாட்டியை ஊரில் விட்டுவிட்டு வரவைத்ததும், ஒருவர் கூலியில் அடுப்பெரியாதபடி கூலியை வைத்திருப்பதும் இதே சமூகம். பிள்ளையை நாமே கிள்ளிவிட்டு, தொட்டிலை நீ ஆட்டு என்று தாயைப் பார்த்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. அக்காவின் சுமையை இறக்கி வேறொரு ஏழைப் பெண்ணின் தலையில் வைத்தால் அது தீர்வாகுமா? அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018இல் உயர்த்திய மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்தாலும் அதன் பெயர் சம்பளமல்ல. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆயிற்று. 2023 டிசம்பரில் மகாராஷ்டிரத்துப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்போது குழந்தைகளின் சாப்பாட்டைக் காட்டி அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் சேவை என்று புகழ்ந்து கூலியைக் குறைப்பதும் ஒருவகைச் சுரண்டலே.

அப்படியானால் யார் கொடுப்பது? தளேகாவிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. சுதேசி இயக்கக் காலத்தில், ஆளுக்கு ஒரு பைசா என்று மக்களிடம் திரட்டிய ‘பைசா ஃபண்ட்’ நிதியில், 1908இல் இங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. பலர் பங்கிட்டதால் யாருக்கும் கனக்கவில்லை.

இன்று கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலனுக்கென்று வசூலிக்கப்படுகிறது. அது செலவாகாமல் தேங்குவதை உச்ச நீதிமன்றம் 2018இல் கடுமையாகக் கண்டித்தது. வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் நடத்தவும் முடியும். 1969இல் டெல்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய ‘மொபைல் கிரெஷஸ்’ அதைச் செய்து காட்டியது. புனேயில் ‘தாரா மொபைல் கிரெஷஸ்’ செய்துவருகிறது. பணமும் வழியும் கையில் இருக்கும்போது குழந்தை மணலில் கிடப்பதை வறுமையின் கணக்கில் எழுத முடியாது.

காப்பகச் செலவை அந்தக் கட்டடத்து வீடுகள் அத்தனைக்கும் பங்கிட்டால், ஒரு வீட்டுக்குச் சாவி வாங்கும் நாளில் யாரும் கவனிக்காத தொகையாகத்தான் வரும். பங்கிடாமல் விட்டால் முழுவதையும் கட்டி முடிப்பவள், கயிற்றைக் கால்விரலில் மாட்டியிருக்கும் அந்தப் பத்து வயதுப் பெண்.