காத்தலும் விலகி நிற்றலும்

"சும்மா கிடக்கும் இடம்" என்று ஒரு நிலத்தைச் சுட்டிப் பேசும்போது நாம் அறியாமலேயே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறோம். கட்டடம் எழும்பாத, பயிர் விளையாத, வாடகை வராத நிலம் வீணானது என்பதே அத்தீர்ப்பு. மனிதனுக்குப் பயன்படாத ஒன்றுக்கு இருப்பதற்கு உரிமை உண்டா என்னும் வினா இதனுள் மறைந்து கிடக்கிறது.

இவ்வினாவை எண்ணிப் பார்க்க ஏற்றதோர் இடம் சென்னையில் உள்ள தொல்காப்பியப் பூங்கா. தூய தோமையார் தங்கியிருந்ததாக மரபு கூறும் சின்னமலையைக் கடந்து வரும் அடையாறு, அவரது கல்லறை அமைந்த சாந்தோமுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அம்முகத்துவாரத்தை ஒட்டிய கழிநிலம் நெடுங்காலம் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டும் இடமாக இருந்தது. அதில் 58 ஏக்கர் பரப்பு சீரமைக்கப்பட்டு, 2011-ஆம் ஆண்டு பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே நீர்நிலைகளும், இம்மண்ணுக்குரிய மரங்கள் வளர்ந்த சிறு காடும் உள்ளன. முதியோரும் களைப்பின்றி நடக்கத்தக்க எளிய பாதை அது. சுற்றி வந்தால் புறப்பட்ட வாயிலையே அடைகிறோம். ஆலய முற்றத்தில் புறப்பட்டு ஆலய முற்றத்திற்கே திரும்பும் நம் தேர்ப்பவனியைப் போன்றது இந்நடை. போய்ச் சேரவேண்டிய ஊர் என ஒன்று இல்லாமையால், வழியில் உள்ளவற்றைக் காணக் கண்கள் விடுதலை பெறுகின்றன.

அங்கே ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் வெண்கண்டல் நிற்கிறது. காற்றில்லாச் சேற்றினின்று அதன் வேர்கள் விரல்களைப்போல் மேல்நோக்கி எழுந்து சுவாசிக்கின்றன. அவ்வேர்களிடையே இறாலும் மீன்குஞ்சும் அடைக்கலம் பெற்று வளர்ந்து, பின்னர் கடலுக்குச் செல்கின்றன. நாம் வீண் என்று ஒதுக்கிய சேறு, முகத்துவாரத்து மீனவரின் வலைக்குள் உணவை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

எனினும் இவ்வாதமும் பயனையே அளவுகோலாகக் கொண்டது. புனித அக்குவினாஸ் தோமா இன்னும் ஆழமாகச் சிந்தித்தார். இறைவனின் நன்மைத்தனத்தை எந்த ஒரு படைப்பும் தனித்து நின்று முழுமையாக வெளிப்படுத்த இயலாது. ஆகவேதான் பல்வகைப் படைப்புகள் உண்டாயின என்பது அவரது கருத்து. அவ்வாறாயின் கண்டலும் நீர்க்காகமும் நமக்கு உதவுவதற்கு முன்னரே இறைவனைப் பற்றி ஏதோ ஒன்றை உரைத்துக்கொண்டிருக்கின்றன. பூங்காவுக்குப் பெயர் தந்த தொல்காப்பியமும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்து, மனித உணர்வை உரிப்பொருள் என அதனோடு பொருத்திக் காட்டுகிறது. நிலம் நமக்கு முன்னரே உள்ளது. நாம் அதில் வந்து சேர்ந்தவர்கள்.

ஏதேன் தோட்டத்தில் மனிதனுக்கு இரு பணிகள் தரப்பட்டன: பண்படுத்துதல், காத்தல் (தொநூ 2:15). முதற்பணியை நாம் மிகுதியாகச் செய்துவிட்டோம். இரண்டாவது பணி சில வேளைகளில் கையைக் கட்டிக்கொண்டு விலகி நிற்பதைக் கோருகிறது. செய்ய ஆற்றல் இருந்தும் செய்யாதிருப்பது நோன்பின் இயல்பு. நிலத்தைப் பொறுத்தும் ஒரு நோன்பு உண்டு.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. கரையோரக் குடிசைகளில் வாழ்ந்தோர் உள்ளதையெல்லாம் இழந்தனர். அதன்பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. ஆபத்தான கரையில் மக்கள் வாழ்வது நன்றன்று என்பது உண்மையே. ஆயினும் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு வெகுதொலைவு சென்றவர்கள் ஏழைகள். ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் நிரப்பி எழுந்த பெருங்கட்டடங்கள் நகரெங்கும் நிலைபெற்றுள்ளன. விலகி நில் என்னும் கட்டளை எளியவனுக்கு மட்டும் உரைக்கப்படுமாயின், அது அறமாகாது. அநீதிக்குப் பச்சை வண்ணம் பூசுவதாகும். பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒருங்கே கேட்கவேண்டும் என, அதே 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தியதன் பொருள் இதுவே.

இவ்விரண்டையும் இணைக்கும் வழி பழைய ஏற்பாட்டிலேயே உள்ளது. ஏழாம் ஆண்டில் நிலத்தைப் பயிரிடாது விட்டுவிடவேண்டும். அதில் தானாக விளைவதை முதலில் ஏழைகள் உண்ணட்டும், எஞ்சியதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்கிறது விடுதலைப் பயண நூல் (23:10-11). இங்கே விலகி நிற்பவன் நிலத்தின் உரிமையாளன். வரவேற்கப்படுபவர் ஏழையும் விலங்கும். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

நம் பங்குகள் பலவற்றில் ஆலயத்தை ஒட்டி ஒரு குட்டையோ தோப்போ இருக்கக்கூடும். அதை நிரப்பி மண்டபம் கட்டலாம், வணிக வளாகம் எழுப்பலாம் என்னும் யோசனை பங்குப் பேரவையில் எழுவதும் இயல்பே. அங்கே நிலத்தின் உரிமையாளர் நாமே. எனவே ஏழாம் ஆண்டின் கட்டளை முதலில் நமக்கே உரியது. கணக்கேட்டை விரிக்கும் முன்னர், பேரவை உறுப்பினர் அனைவரும் ஒரு மாலைப்பொழுதில் அந்நீர்நிலையை ஒருமுறை சுற்றி நடந்து வருவார்களாக. அங்கே நீர் அருந்த வரும் கால்நடைகளையும், தூண்டிலோடு அமர்ந்திருக்கும் ஏழைச் சிறுவனையும், மழைக்காலத்தில் வெள்ளம் வடியும் வழியையும் தம் கண்களாலேயே காணட்டும். அதன்பின் எடுக்கப்படும் முடிவு, இறைவன் திருமுன் கணக்கு ஒப்புவிக்கத்தக்க முடிவாக இருக்கும்.